தா.செ.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே மூன்று ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன. நடுவில் இருப்பது என்னுடையது. தட்டச்சு, பிரிண்ட், பைண்டிங் எல்லாம் உண்டு. பதினான்கு வருஷத்தில் எத்தனை ஆய்வேடுகள் என் கை வழியாகப் போயின என்று கேட்டால் தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் முடிவுரை ஒன்றுதான் என்பது தெரியும். மக்களுக்கு விழிப்புணர்வு தேவை. எலியைப் பற்றி எழுதினாலும் சரி, பல்வலியைப் பற்றி எழுதினாலும் சரி, கடைசிப் பக்கத்தில் மக்களுக்கு விழிப்புணர்வு தேவைப்பட்டுவிடும். அப்படி முடியாத ஆய்வேடு ஒன்றே ஒன்றுதான் என் கடைக்கு வந்தது. அது என் அக்காவுடையது. அதையும் கடைசியில் நானே அப்படி முடித்துவைத்தேன்.

அக்கா அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவுப் பதிவு எழுத்தர். பத்தொன்பது வருஷமாக ஒரே ஜன்னல். கண்ணாடித் தடுப்பில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. வருகிறவர்கள் அதற்குக் குனிந்துதான் பேச வேண்டும். அக்காவும் குனிந்துதான் கேட்க வேண்டும். "பேரு? வயசு? என்ன பண்ணுது?" இந்த மூன்று கேள்வியையும் கேட்டுக் கேட்டு அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே போய்விட்டது. மருத்துவமனையில் அவளுக்கு ரிஜிஸ்டர் அக்கா என்று பெயர். "உங்க அக்காகிட்ட சோறு கேக்கணும்னாகூட டோக்கன் வாங்கணும் போல" என்று மாமா கிண்டல் செய்வார். அக்கா வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர், நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது.

அந்த ரிஜிஸ்டரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கட்டத்துக்கு 'முடிவு' என்று தலைப்பு. அதில் நான்கு குறிகளில் ஒன்றைப் போட வேண்டும். பா. என்றால் மருத்துவர் பார்த்தாயிற்று. சே. என்றால் சேர்க்கப்பட்டார். மே. என்றால் மேல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தா.செ. என்றால் தானாகச் சென்றார். கட்டம் காலியாக இருக்கக் கூடாது. இருந்தால் தணிக்கைக்கு வருகிறவர் சிவப்பு மையால் வட்டம் போட்டு விளக்கம் கேட்பார். மதியம் ஒரு மணிக்கு மருத்துவர்கள் எழுந்துவிடுவார்கள். அப்போதும் டோக்கனோடு பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஓட்டை வழியாக, "நாளைக்குக் காலையில சீக்கிரம் வாங்க" என்பாள். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, மீதி இருக்கிற பெயர்களுக்கெல்லாம் வரிசையாகத் தா.செ. போடுவாள்.

அவளாகக் கண்டுபிடித்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதே நாற்காலியில் இருந்தவர் சொல்லிக் கொடுத்தது. "எதுலயும் சேராததுக்கு இதப் போட்டுடும்மா." திருப்பி அனுப்பினோம் என்பதற்கு ஒரு குறி கிடையாது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிற கட்டத்தை எந்த அலுவலகம் அச்சடிக்கும்?

நாற்பத்தொரு வயதில் அக்கா படிக்கக் கிளம்பினாள். மருத்துவமனையில் சேவை அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. அதற்குப் பட்டம் வேண்டும். பல்கலைக்கழகம் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்தில் 'சுகாதார அறிவியலும் சேவைகளும்' என்று மூன்று வருஷப் பட்டப்படிப்பு ஆரம்பித்திருந்தது. அவள் அறிவுத் தாகத்தால் போனாள் என்று நான் கதை விட மாட்டேன். அவளுக்குக் கதவு வைத்த ஓர் அறை வேண்டியிருந்தது. ஓட்டை வழியாக யாரும் தன்னைத் திட்டாத ஓர் அறை. ஐந்தரைக்கு வகுப்பு, எட்டுக்கு முடியும். போகிற வழியில் என் கடையில் முகம் கழுவிக்கொண்டு போவாள். உடலியலில் முதல் தடவை தேறவில்லை. அழுதாள். இரண்டாம் தடவை தேறினாள். அப்போதும் அழுதாள்.

இரண்டாம் வருஷம் ஒருநாள் வகுப்பு முடியும் முன்பே கடைக்குள் வந்து, தாள் கட்டு மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"மேடம் திரையில ஒரு படம் போட்டாங்கடி. கலர் கலரா தூண் தூணா நிக்குது. அதுல செவப்பா ஒரு தூண். நூத்துக்குப் பதினொரு பேர் வைத்தியம் பாக்காமலே தானா எந்திரிச்சுப் போயிடறாங்களாம். ஜனங்களுக்குப் பொறுமை இல்லையாம்."

"சரி, அதுக்கென்ன?"

"அது எங்க ஆஸ்பத்திரிக் கணக்குடி. அந்தச் செவப்புத் தூண் முழுக்க என் கையெழுத்து."

வகுப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். என்ன என்று மேடம் கேட்டதற்கு இருமல் என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறாள். சொல்லும்போதும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவின் ஜன்னலுக்கு மேலே 'பொறுமை காப்போம், நலம் பெறுவோம்' என்று ஒரு பலகை தொங்கும். அந்தப் படம் மேடத்தின் ஆய்வறிக்கையில் உள்ளது, அந்த அறிக்கை வந்த பிறகு மாட்டிய பலகைதான் அது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் போட்ட பொய் பல்கலைக்கழகம் வரை போய், படித்து, அறிவியலாகித் திரும்பி வந்து அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வருஷம் ஆய்வேடு. அக்கா ஒரு வார ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டாள். அதில் தா.செ. அறுபத்து மூன்று பேர். முகவரி ரிஜிஸ்டரிலேயே இருந்தது. வேலை நாளில் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போவது. பல ஞாயிறுகளில் என் ஸ்கூட்டரில்தான் போனோம். நாற்பத்தொரு பேரைக் கண்டுபிடித்தாள். உண்மையிலேயே தானாகப் போனவர்கள் மூன்றே மூன்று பேர். அதில் ஒரு அம்மா அடுப்பை அணைத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து ஓடியவர். மீதி முப்பத்தெட்டுப் பேரும் "நாளைக்கு வாங்க" என்று அனுப்பப்பட்டவர்கள்.

அந்த முப்பத்தெட்டில் ஒருவர் வெல்டர். டோக்கன் எண் தொண்ணூற்று நான்கு, வயது நாற்பத்தாறு, நெஞ்சு எரிச்சல், தா.செ. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. மாடிக்குப் போகிற இரும்புப் படிக்கட்டு அவரே பற்றவைத்தது. உள்ளே ஆணியில் அவருடைய கறுப்புக் கண்ணாடி தொங்கியது. ஆள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குச் சாயங்காலமே உயிர் போய்விட்டது.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர். தையல் இயந்திரத்தை விட்டு எழாமலே பேசினார்.

"நானும்தான் கூடப் போனேன். ஒரு மணிக்கு டாக்டர் எந்திரிச்சுட்டாரு. கண்ணாடிக்குப் பின்னாடி இருந்த அம்மா நாளைக்கு வாங்கன்னு சொன்னாங்க. அவருக்கு வேர்த்துக் கொட்டுது. நான் இன்னொரு தரம் கேட்டேன். நாளைக்குத்தாம்மான்னு சொல்லி ஜன்னலச் சாத்திட்டாங்க."

அக்காவின் பேனா நின்றுவிட்டது. நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வா என்று. அவள் வரவில்லை.

"அந்த அம்மா நான்தாங்க" என்றாள்.

திட்டுவார், அடிக்க வருவார் என்று நான் பயந்தேன். அவர் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களா? குனிஞ்சு பேசினதுல மூஞ்சி தெரியல. கைய மட்டும்தான் பாத்தேன்."

பிறகு அவர் கேட்டதுதான் எங்கள் இரண்டு பேரையும் உலுக்கிவிட்டது. கணவரின் அண்ணன் மருத்துவமனைக்குப் போய் விசாரித்திருக்கிறார். ரிஜிஸ்டரைக் காட்டியிருக்கிறார்கள். தானாகச் சென்றார் என்று இருக்கிறது. அன்றைக்கு நூறு சீருடை கொடுக்க வேண்டிய நாள். தையலுக்கு நேரமாகிறது என்று புருஷனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் என்று குடும்பமே முடிவு கட்டிவிட்டது. பதினாறு வயது மகள் பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவோடு பேசுவதில்லை.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. கவர்மெண்ட் பேப்பர் பொய் சொல்லுமான்னு கேக்கறா. நீங்க எனக்கு வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். அவரா வரல, போகச் சொன்னாங்கன்னு சீல் வச்ச பேப்பர் ஒண்ணு குடுங்க. எம்பொண்ணுகிட்டக் காட்டணும்."

மருத்துவமனைத் தாளில் எழுதிக் கொடுக்க அக்காவுக்கு அதிகாரம் இல்லை. கண்காணிப்பாளர் தலைகீழாக நின்றாலும் தர மாட்டார். அதனால் அக்கா சொன்னாள், "என் ஆய்வேட்டுல உங்க வீட்டுக்காரர் டோக்கன் நம்பர், தேதி எல்லாம் வரும். பல்கலைக்கழகம் சீல் வச்சு லைப்ரரில வைப்பாங்க. அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து நானே கொண்டாந்து தரேன்." எதற்கும் இருக்கட்டும் என்று நானும் என் கடை அட்டை ஒன்றைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆய்வேட்டுக்கு அக்கா வைத்த தலைப்பு: 'தானாகச் சென்றவர்கள்?' நாலாவது இயல் முழுக்க அந்த முப்பத்தெட்டுப் பேர். இருபத்திரண்டு பக்கம். தொண்ணூற்று நான்காம் எண்ணுக்கு மட்டும் நான்கு பக்கம். அதில் 'பதிவு செய்தவர் இந்த ஆய்வாளரே' என்று ஒரு வரி. நன்றியுரையில் 'தொண்ணூற்று நான்காம் எண் சீட்டுக்காரரின் மனைவிக்கு' என்று எழுதியிருந்தாள். தட்டச்சு செய்த தங்கைக்கும் நன்றி சொல்லியிருந்தாள். பதினான்கு வருஷத்தில் எனக்கு நன்றி சொன்ன முதல் ஆய்வேடு.

மேடம் வரைவைப் படித்துவிட்டு, அக்காவைத் தேடி என் கடைக்கே வந்தார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. கத்தவில்லை, மிரட்டவில்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் வேறு மாதிரி போயிருக்கும்.

"உங்க உழைப்ப நான் குறை சொல்லவே மாட்டேம்மா. ஆனா எழுதினவங்களே அத ஆராய்ச்சியும் பண்ணினா குழு ஏத்துக்காது. தன்சார்புன்னு ஒரே வார்த்தைல தூக்கிப் போட்டுடுவாங்க. அதோட, பத்தொம்பது வருஷமா பொய்க் கணக்கு எழுதினேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்க. நாளைக்கு உங்க வேலை என்ன ஆகும், யோசிச்சீங்களா?"

"உங்க அறிக்கையும் தப்புன்னு ஆயிடுமே மேடம்" என்றேன் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "பெருசா ஒண்ணும் மாத்த வேண்டாம்மா. தலைப்புல அந்தக் கேள்விக்குறிய எடுங்க. நாலாவது இயல எடுங்க. மத்ததெல்லாம் தானா சரியாயிடும்."

தானா என்றார். அந்தச் சொல்லைத் தாம் சொன்னதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சமர்ப்பிக்கக் கடைசி நாள். அடுத்த மாதம் சேவை அலுவலர் பதவிக்கு நேர்காணல். இந்த முறை விட்டால் அடுத்த இடம் காலியாக எட்டு வருஷம் ஆகும். அப்போது அக்காவுக்கு வயது தாண்டிவிடும். ஞாயிறு காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்து, பைண்டிங் செய்கிற முக்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் தலைப்புப் பக்கம் திறந்திருந்தது.

"நீ என்னடி சொல்ற?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இத்தனை நேரம் மேடத்தைப் பற்றி வக்கணையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேனே, நான் என்ன சொன்னேன் என்பதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

"பத்தொம்பது வருஷம் அந்த ஓட்டைக்குள்ள கத்தினது போதும்க்கா. போனவரு போயிட்டாரு. ஒரு பக்கத்துக்காக உன் பொழப்பக் கெடுத்துக்காத."

"அந்தம்மாவுக்கு வாக்குக் குடுத்தேன்டி."

"நீ அவங்களுக்கு மட்டுமா குடுத்த? தினம் பத்துப் பேருக்கு நாளைக்கு வாங்கன்னு குடுக்கற."

அவள் முகம் சுண்டிப் போயிற்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. அவள் சாய்ந்த கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப எடுத்துடு" என்றாள்.

கேள்விக்குறியை எடுக்க ஒரு தட்டு போதும். இருபத்திரண்டு பக்கத்தை எடுக்க இரண்டு தட்டு. மூன்று என்று இருந்த இடத்தில் நாற்பத்தொன்று என்று மாற்றினேன். நன்றியுரையில் வெல்டர் மனைவி போய்க் கண்காணிப்பாளர் வந்தார். எனக்குச் சொன்ன நன்றி அப்படியே இருந்தது. முடிவுரையை அவள் சொல்லக்கூட இல்லை. 'மக்களுக்கு விழிப்புணர்வு தேவை' என்று என் விரல்களே அடித்துவிட்டன. பழைய கோப்பை மட்டும் அழிக்கவில்லை. அது மனசாட்சி இல்லை, கடைப் பழக்கம். நாளைக்கு அழுதுகொண்டு வருவார்கள் என்று நான் யாருடைய கோப்பையும் அழிப்பதில்லை.

அக்கா முதல் வகுப்பில் தேறினாள். பதவியும் கிடைத்தது. கதவு, மின்விசிறி, மேசையில் பெயர்ப்பலகை எல்லாம் வந்தன. அவளைப் பார்க்க வேண்டுமானால் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். "இப்பவும் டோக்கன்தான், ஆனா ஏசி டோக்கன்" என்றார் மாமா. அக்கா சிரிக்கவில்லை. வெளிநோயாளிப் பிரிவு வழியாகப் போனால் அவள் அறைக்குப் பத்து நிமிஷம் மிச்சம். அவள் பின்பக்கப் படிக்கட்டில் சுற்றிக்கொண்டு போகிறாள். வெல்டர் மனைவி இரண்டு தடவை போன் செய்தபோது, "இன்னும் லைப்ரரிக்கு வரலம்மா, வந்ததும் சொல்றேன்" என்றாளாம். மூன்றாம் தடவை எடுக்கவில்லை.

போன புதன்கிழமை காலை, அந்த அம்மா என் கடை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"பொண்ணு பரீட்சை முடிஞ்சு வெளியூர் ஹாஸ்டலுக்குப் போறா. வெள்ளிக்கிழமை பஸ். அதுக்குள்ள அந்தப் பக்கத்தக் காட்டிடணும். அக்கா போன எடுக்கல, வேலையா இருப்பாங்க. உங்ககிட்ட இருக்குமா?"

பிரிண்டர் வேறு ஒரு வேலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, பழைய கோப்பைத் திறந்து, அந்த நான்கு பக்கத்தையும் எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்துப் படித்தார். 'நோயாளிக்கு வியர்த்துக்கொண்டிருந்ததாக மனைவி இருமுறை தெரிவித்தும்' என்ற இடத்தில் விரல் நின்றது.

"சரியா எழுதியிருக்காங்க" என்றார். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லையே?"

"இது... இது கடைப் பிரதிம்மா."

"சீல் வச்ச புக்குல இந்தப் பக்கம்தான இருக்கு?"

இல்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்காவது வரவில்லை.

"அப்ப அதுல என்ன போட்டிருக்கு?"

"தானாகச் சென்றவர்கள், நாப்பத்தோரு பேர்னு போட்டிருக்கு."

"அந்த நாப்பத்தோரு பேர்ல இவரும் ஒருத்தரா?"

"ஆமாம்மா."

அவர் அழவில்லை. நான்கு தாளையும் ஓரம் சேர்த்து மடித்துப் பைக்குள் வைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, திரும்ப எடுத்து என் மேசையிலேயே வைத்தார்.

"இது வேண்டாங்க. சீல் இல்லாததக் கொண்டுபோனா, கடையில காசு குடுத்து நானே அடிச்சதுன்னு சொல்லுவா." வாசல் வரை போய்த் திரும்பினார். "பேப்பரெல்லாம் இருக்கட்டும். அக்கா எம்பொண்ணுகிட்ட நேர்ல வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லலாமே? அதுக்குச் சீல் வேண்டாமே?"

இத்தனை நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. அல்லது தோன்றியும் பேசாமல் இருந்தோம். "சொல்றேம்மா" என்றேன்.

அவர் போன பிறகு பிரிண்டரை மறுபடி ஓட விட்டேன். அதில் ஓடிக்கொண்டிருந்தது மருத்துவமனை வேலை. வெளிநோயாளிப் பிரிவுக்குப் புது ரிஜிஸ்டர்த் தாள், சேவை அலுவலர் கையெழுத்தோடு வந்த ஆர்டர். தா.செ. என்கிற குறியை அக்கா எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் 'பிற' என்று இருக்கிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன். அந்த அம்மா வந்ததையும், தாளை வைத்துவிட்டுப் போனதையும், வெள்ளிக்கிழமை பஸ்ஸையும், கடைசியாகக் கேட்டதையும் சொன்னேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது.

"இந்த வாரம் முடியாதுடி, இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு" என்றாள். "நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லு. ஃபார்ம் அடிச்சாச்சா?"

"ஓடிக்கிட்டிருக்கு" என்றேன்.